மணிக்குப் பசிக்கிறது, தெரியும்

வீட்டு நாயைப் பட்டினி போடுகிறவன் என்ற பெயர் எனக்குச் சொந்தபந்தத்தில் கிடைத்துக் கொஞ்ச காலம் ஆகிறது. பாலக்கோட்டு அத்தை வாங்கிக் கொடுத்த பெயர். ஒரு கல்யாணப் பந்தியில், நாலு பேர் காதில் விழும்படி, “வாயில்லா ஜீவனை வயித்துல அடிக்காதடா, அந்தப் பாவம் சும்மா விடாது” என்றார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து என் இலையைப் பார்த்தார்கள். அதில் அப்போது இரண்டாவது லட்டு இருந்தது.

அத்தைமீது கோபம் வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவும் இல்லை. “நாயை நாய் மாதிரி வளருங்க” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அத்தை சொன்னது அப்படிப்பட்டதல்ல. மணி ஒவ்வொரு வேளையும் தட்டைக் காலி செய்துவிட்டு என்னைப் பார்க்கிறான். அந்தப் பார்வை நடிப்பு என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். நடிப்பில்லை, உண்மையாகவே பசிக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். பசிக்கிறது என்று தெரிந்தே சோற்றுப் பானையை மூடுகிறவனை என்னவென்று சொல்வது?

மணி லேப்ரடார், ஆறு வயது. மகள் வைத்த பெயர் சிம்பா. அப்பா முதல் நாளே மணி என்று கூப்பிட்டார், அவனும் அதற்குத்தான் திரும்பினான். கருத்தடை ஆபரேஷன் ஆனவன். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு நாயின் உடம்பு கேட்கும் தீனி குறைந்துவிடும், கால் பங்கு வரைகூடக் குறையலாம். ஆனால் சாப்பிடும் ஆசை குறையாது, பல நாய்களுக்குக் கூடவே செய்யும். எங்கள் வீட்டில் தீனி குறையவில்லை. கழுத்து எங்கே முடிந்து முதுகு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு ஆனான். கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவில் யாருக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை. “நல்லா தளதளன்னு வளத்திருக்கீங்க சார்” என்பார்கள். பால்காரர் அவன் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, “வீட்ல நல்ல சாப்பாடு போல” என்று என் மனைவியைப் பாராட்டினார்.

அதே தெருவில் டிரான்ஸ்பார்மர் பக்கம் படுத்திருக்கும் செவலை நாய் ஒன்று உண்டு. இடுப்பு உள்வாங்கி, வயிறு மேலே ஏறி, ஓடினால் காற்று மாதிரி ஓடும். அதைப் பார்த்து எல்லோரும் “ஐயோ பாவம், நோஞ்சான்” என்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மணியை எடை போடும் வரைக்கும்.

கிளினிக்கில் இருந்த எடை மேடையில் மணி முன்னங்கால் இரண்டை மட்டும்தான் வைப்பான். சித்தப்பா ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறார். சீசன் முடிந்து மண்டி காற்றாடிக்கொண்டிருந்த ஒரு மதியம், கிரேட் எடை போடும் தராசில் அவனை ஏற்றி நிறுத்தினோம். 41 கிலோ. “இவனையும் மாங்கூழ் ஃபேக்டரி லோடுல ஏத்திடலாங்களா?” என்றார் லோடுமேன் ஒருவர். நன்றாக வளர்ந்த ஆண் லேப்ரடார் 30 முதல் 36 கிலோவுக்குள் இருப்பது வழக்கம். மணியின் எலும்புக்கட்டுக்கு 32 போதும் என்றார் டாக்டர்.

அவர் எடையைவிடக் கையைத்தான் நம்பினார். என் வலது கையை நீட்டச் சொல்லி, புறங்கையில் விரல் எலும்புகள் ஓடும் இடத்தை இடது கை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். “விலா எலும்பு இப்படித் தட்டுப்பட்டா சரி. முஷ்டியோட முட்டி மாதிரி தூக்கலா இருந்தா மெலிவு. உள்ளங்கை மாதிரி மெத்துன்னு இருந்தா கொழுப்பு.” மணியின் விலாவில் விரலை அழுத்தி அழுத்தித் தேட வேண்டியிருந்தது. நாய்களின் உடல்வாகுக்கு 9 வரை மதிப்பெண் போடும் ஒரு முறை இருக்கிறது. 4 அல்லது 5 என்றால் சரியான உடம்பு. மணிக்கு 8 போட்டார். வீட்டுக்கு வரும் வழியில் செவலையை நிறுத்திப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிகிறது, விலா கைக்குத் தட்டுப்படுகிறது. நாங்கள் நோஞ்சான் என்று சொல்லிக்கொண்டிருந்த நாய் கிட்டத்தட்ட சரியான உடம்போடு இருந்தது. கொழுத்த லேப்ரடார்களையே பார்த்துப் பார்த்து எங்கள் தெருவின் கண் மாறிப்போயிருந்தது.

தைராய்டு குறைந்தாலும் நாய் இப்படிப் பருக்கும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. இனி சோற்றைத் தவிர வேறு எதன்மேலும் பழி போட முடியாது.

நடந்தால் குறையாதா?

எடை என்றதும் எல்லோரும் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: நடக்க விடுங்க. எனக்கும் அது பிடித்திருந்தது, ஏனென்றால் அதில் யாரிடமும் எதையும் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏமாற்றம்தான். 40 கிலோ நாய் ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 40 கலோரி. குளுக்கோஸ் பிஸ்கட் 100 கிராமில் 450 கலோரி இருக்கிறது. ஒரு பிஸ்கட்டுக்கே 20 வந்துவிடும். அப்படியென்றால் ஒரு கிலோமீட்டர் நடை இரண்டு பிஸ்கட்டுக்குத்தான் சரி. நடந்து வந்து மூச்சு வாங்கும் அவனைப் பார்த்து, “பாவம், களைச்சுட்டான்” என்று நாலு பிஸ்கட் கொடுத்தால் நடக்காமலே இருந்திருக்கலாம்.

நடை வேண்டாம் என்று சொல்லவில்லை. தசை கரையாமல் இருக்க, மூட்டு இறுகாமல் இருக்க, முக்கியமாக அவன் சந்தோஷத்துக்கு நடை வேண்டும். ஆனால் பருத்த நாயைச் சித்திரை வெயிலில் நடக்க விடுவது ஆபத்து. நாய்க்கு நம்மைப்போல வியர்த்து ஆறாது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். உடம்பைப் போர்த்தியிருக்கும் கொழுப்பு அதையும் கெடுக்கும். வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பித் திரும்பிவிடுவோம். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழெட்டு நொடி தாங்கவில்லையென்றால் அவன் பாதமும் தாங்காது. சையத் பாஷா மலையில் ஏற்றினால் ஒரே மாதத்தில் இறங்கிவிடுவான் என்று யோசனை சொன்ன நண்பரிடம், முதலில் அவரை ஏறிக் காட்டச் சொன்னேன்.

குண்டான்

டாக்டர் கணக்கு ஒன்று எழுதிக் கொடுத்தார். இப்போதைய எடைக்கு அல்ல, இறங்க வேண்டிய எடைக்குத் தீனி. 32 கிலோ நாய் சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு 940 கலோரி போல செலவாகும். தொடக்கத்தில் அதுதான் மொத்த ஒதுக்கீடு. வாரத்துக்கு உடல் எடையில் நூற்றில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு பங்கு குறைந்தால் போதும். வழக்கமான தீனியையே பாதியாக வெட்டிவிடக் கூடாது, அப்படிச் செய்தால் புரதமும் சத்துகளும் சேர்ந்து பாதியாகிவிடும் என்று எடைக் குறைப்புக்கான தீனியை எழுதினார். பக்கத்து வீட்டில் கொழுத்த பூனை இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னதும் அவர் முகம் மாறியது. “பூனையை மட்டும் பட்டினி போட்டுடாதீங்க. குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடலைன்னாலே ஈரல்ல கொழுப்பு ஏறிடும், உயிருக்கே ஆபத்து.”

940ஐக் கேட்டபோது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அவனுக்கு ஏற்கெனவே இரண்டு வேளை அளவாகத்தானே வைக்கிறோம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். டாக்டர் மறுத்துப் பேசவில்லை. “ஒரே ஒரு நாள். யாரும் எதையும் நிறுத்த வேணாம். ஆனா மணி வாயில போடுற ஒவ்வொண்ணையும் அதே அளவு இன்னொரு பங்கு எடுத்து ஒரு பாத்திரத்துல போட்டு வைங்க. ராத்திரி பாருங்க” என்றார்.

அம்மா ஒரு எவர்சில்வர் குண்டானை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லோரும் வீட்டில் இருந்தோம். காலையில் என் மனைவி வார்த்த முதல் தோசையில் பாதி உள்ளே போனது. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. டீயோடு வரும் பிஸ்கட்டை அவர் தொடுவதில்லை, அவர் பங்கு மணிக்குத்தான் போகும். காலையிலும் மாலையிலும் அந்தப் பிஸ்கட்டுகளுக்குச் சரியாக வேறு பிஸ்கட்டுகள் குண்டானில் விழுந்தன. மகள் டிவி பார்த்தபடி கொறித்த வேர்க்கடலையில் ஒரு கைப்பிடி. மதியம் களி. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் களியும் கீரைக் கடைசலும். அப்பா தன் உருண்டையிலிருந்து ஒரு பிடி கிள்ளி, குழம்பு படாமல் உருட்டி வைப்பார். வெங்காயம் நாய்க்கு ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும் என்று மகள் எங்கோ படித்துச் சொன்னதிலிருந்து அந்தக் கவனம். களி உடம்புக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, அதனால் மணிக்கும் நல்லது என்பது அவர் நம்பிக்கை. நல்லதுதான். ஆனால் கேழ்வரகு மாவு 100 கிராமில் 320 கலோரிக்குக் குறையாது, அரிசியோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. இரவு என் பங்கு சப்பாத்தி. கடைசியாக அம்மாவின் தயிர்சாதம். தட்டைக் கழுவுவதற்கு முன்னால் ஒரு பெரிய கை.

எல்லோரும் படுக்கப் போகும் முன் குண்டானைச் சுற்றி நின்றோம். யாரும் அதிகமாகக் கொடுக்கவில்லை, ஆளுக்குக் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சங்கள் ஒன்றாகச் சேர்ந்து, நொறுங்கிய பிஸ்கட்டும் களியும் தயிரும் சப்பாத்தித் துண்டுமாக, பாதிக் குண்டான் இருந்தது. சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து மகள் போனில் கணக்குப் போட்டாள். 800 கலோரியைத் தொட்டது. அவனுடைய இரண்டு வேளைச் சாப்பாடு இதில் சேரவில்லை. இதுபோன்ற இடைத் தீனி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது 94 கலோரி.

அம்மா, “நான் ஒரு கைதானே வெச்சேன்” என்றார். அது உண்மை. மனைவி எதுவும் சொல்லவில்லை. அப்பா குண்டானை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். அவர் சின்ன வயதில் எங்கள் ஊர் வீட்டில் எருது விடும் விழாவுக்கு ஒரு காளை வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் காளையை அடக்குவதில்லை; ஓட விட்டு எத்தனை நொடியில் எல்லையைத் தாண்டுகிறது என்று பார்ப்பார்கள். தை பிறக்கப் போகிறது என்றால் தாத்தா தவிட்டைக் குறைத்து, கொள்ளை அளந்து வைத்து, ஏரியில் நீந்த விடுவாராம். வேறு யாரும் தொட்டியில் கை வைத்தால் திட்டு விழுமாம். அப்பா சொன்னார்: “எருதுக்கு அளந்து வெச்சவரை யாரும் பட்டினி போடுறாருன்னு சொல்லல. நல்லா வளக்குறாருன்னுதான் சொன்னாங்க. அது ஓட வேண்டிய மாடு. இது சும்மா படுத்திருக்கிற நாய்னு நாம கணக்கு பாக்கல.”

வீட்டில் விஷயம் திரும்பிய இடம் இதுதான். அதுவரைக்கும் தீனியைக் குறைப்பது டாக்டர் சொன்னார் என்று நான் கொண்டுவந்த சட்டமாக இருந்தது, எல்லோரும் எனக்குத் தெரியாமல் மீறினார்கள். அன்றைக்குப் பிறகு அது அப்பாவின் தொட்டி ஆகிவிட்டது. காலையில் அன்றைய தீனி மொத்தத்தையும் நிறுத்து ஒரு மூடி போட்ட டப்பாவில் போடுவார். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், அந்த டப்பாவிலிருந்து மட்டும். டீ நேரத்தில் மணிக்குப் போவது இப்போது அதிலிருக்கும் ரெண்டு உருண்டை. அம்மாவும் தட்டு கழுவும் முன் அதிலிருந்துதான் ஒரு சிட்டிகை எடுக்கிறார். கொடுப்பது நிற்கவில்லை என்பதால்தான் இது நடக்கிறது என்று நினைக்கிறேன். கொடுக்கவே கூடாது என்றிருந்தால் ஒரு வாரம் தாண்டியிருக்காது.

அத்தைக்கு நான் சொல்லாத பதில்

லேப்ரடார்களைப் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. 48 குட்டிகளை, கூடப் பிறந்தவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகத் தீனி வைத்தே ஆயுசு முழுக்க வளர்த்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை நடுக்கணக்கில் 13 வயது வரை இருந்தன. மற்றவை 11 சொச்சம். மூட்டு வாதமும் குறைவாகச் சாப்பிட்டவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும் ஜீவனுக்கு இரண்டு வருஷம் என்பது சாதாரணமில்லை. அத்தையிடம் இதைச் சொல்லியிருக்கலாம். கல்யாணப் பந்தியில் ஆய்வு பேசினால் அடுத்த கல்யாணத்துக்கு அழைக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த ஆய்வு என் சங்கடத்தை முழுக்கத் தீர்க்கவும் இல்லை. ஆயுசு கூடியது சரி, அந்த நாய்களுக்குப் பசித்திருக்காதா? 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் லேப்ரடார்களிடம் ஒரு மரபணுக் குறையைக் கண்டுபிடித்தார்கள். பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு விட்டுப்போயிருக்கிறது. வளர்ப்பு லேப்ரடார்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு இது உண்டு. பசி அடங்கியது என்று மூளைக்குச் சொல்லும் வேலையில் அந்த மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது. 2024இல் அதே குழுவினர் இன்னொன்றும் சொன்னார்கள்: இந்தக் குறை உள்ள நாய்களுக்கு இரண்டு வேளைக்கு நடுவே பசி அதிகம், சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் கலோரியும் கால் பங்கு குறைவு. சாப்பிடச் சொல்லும் உடம்பு, செலவழிக்கவும் மறுக்கிறது. மணிக்கு இந்தச் சோதனை எடுக்கவில்லை. எடுத்தாலும் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. ஆனால் அவன் பேராசைக்காரன், திருட்டுப்பயல் என்று வேடிக்கையாகச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

அத்தை வளர்ந்த காலத்தில் தர்மபுரிப் பக்கம் மழை பொய்த்த வருஷங்களில் மனிதருக்கே கூழ்தான். நாய்க்குக் கழுநீர். அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு வயிறு நிறைந்து படுத்திருக்கும் நாய் என்பது நல்ல காலம் வந்துவிட்டது என்பதற்குக் கண் முன் அடையாளம். அதை நான் குறைக்கிறேன் என்றால் அவருக்கு வலிக்கத்தான் செய்யும். அவர் அறியாமல் பேசுகிறார் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர் பசியை அறிந்தவர். கொழுப்பின் பாரத்தால் மூட்டு வலிக்க இழுத்துக்கொண்டு நடக்கும் நாயை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மணி 41 கிலோவில் வாசற்படி ஏறும்போது பின்னங்கால்களை ஒரு நொடி நிறுத்தி யோசிப்பான். அதைப் பார்த்த பிறகு, இரண்டு வலியில் எது அவனுக்குக் குறைவு என்று நானாகத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அவனைக் கேட்டால் பிஸ்கட் பக்கம்தான் ஓட்டுப் போடுவான்.

பசியை ஓரளவுக்கு ஏய்க்க வழிகள் உண்டு. தளி, ஓசூர் பக்கமிருந்து வரும் பீன்ஸையும் கேரட்டையும் உப்பில்லாமல் வேகவைத்துத் தீனியோடு கலக்கிறோம். வெள்ளரிக்காயைப் பச்சையாகவே கடிப்பான். வயிறு நிரம்புகிறது, கலோரி ஏறுவதில்லை. தட்டில் கொட்டினால் ஒரு நிமிஷத்தில் முடிப்பவன், அதையே வாசலில் புல்லில் இறைத்துவிட்டால் மோப்பம் பிடித்துத் தேடித் தேடிக் கால் மணி நேரம் சாப்பிடுகிறான். இதெல்லாம் பசியைப் போக்கிவிடுகிறதா என்றால், இல்லை. இரவு ஒன்பது மணிக்கு டப்பா காலியானதும் அப்பா அதைக் கவிழ்த்துக் காட்டுவார். மணி முகர்ந்து பார்ப்பான். அப்புறம் என்னிடம் வருவான்.

இப்போது மண்டித் தராசில் 35. முதல் சில கிலோ சுலபமாக இறங்கியது, 36க்கு வந்து நகர மறுத்தது. எடை குறையக் குறைய உடம்பு கேட்பதும் குறையும் என்பதால் டாக்டர் அளவை இன்னும் கொஞ்சம் குறைத்தார். அதன் பிறகுதான் ஒரு கிலோ அசைந்தது. வாசற்படியில் நிற்பதில்லை. போன வாரம் செவலையோடு டிரான்ஸ்பார்மர் வரைக்கும் ஓடினான், தோற்றுத்தான் போனான். பால்காரர், “என்ன சார், உடம்பு சரியில்லையா இவனுக்கு?” என்று கேட்கிறார்.

அடுத்த தகராறு மாம்பழ சீசன். சித்தப்பாவின் தோப்பில் பெங்களூரா காய்த்துத் தொங்குகிறது, உதிர்ந்ததெல்லாம் மணிக்கு என்பது வருஷா வருஷம் வழக்கம். பழத்துண்டு ஒன்றிரண்டு தவறில்லை, ஆனால் யாரும் எண்ணாத இடத்தில் அவன் ஒன்றிரண்டோடு நிறுத்த மாட்டான். கொட்டையை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஆபரேஷன்தான். தோப்புக்கே கூட்டிப் போக வேண்டாம் என்கிறேன் நான். மகள் என்னோடு பேசுவதில்லை. மாட்டுக்குப் போடுகிற வாய்க்கூடை மாதிரி ஒன்று போட்டுக் கூட்டிப் போகலாம் என்று அப்பா சொல்கிறார். வாயை இறுக்கிக் கட்டுகிற வகை வேண்டாம், மூச்சிரைக்க, தண்ணீர் குடிக்க இடம் விடும் கூடை வகைதான் வாங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் ஓசூரில் தேடச் சொல்லியிருக்கிறேன். தோப்பில் அத்தையும் இருப்பார்.